அண்ணன் இறுக்கிய நட்டும் நான் போட்ட பின்னும்

அண்ணனின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் அண்ணனின் கூட்டாளிகளுக்கும் என் வணக்கம். முதலில் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். கோர்வையாக எழுத வராது. மறதியும் வந்துவிட்டது. அடுப்பில் பால் வைத்தால் பொங்கி வழிந்த பிறகுதான் நினைவு வரும். நாலு பேர் கூடிய இடத்தில் நான் வாய் திறந்ததில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஆனாலும் அண்ணனின் மகள், என் மருமகள், "அத்தை, அப்பாவோட தோட்டத்துக் கதையெல்லாம் ஒங்களுக்குத்தான் தெரியும், நீங்கதான் எழுதணும்" என்று தாளும் பேனாவும் வாங்கிவந்து மேசையில் வைத்துவிட்டாள்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். கட்டுரை முடியும் இடத்தில், "அண்ணன் கை வைத்த எந்தக் காரும் வழியில் நின்றதில்லை" என்று ஒரு வரி வரவேண்டுமாம். மலருக்கு எழுதிக் கொடுத்த மற்றவர்களும் அண்ணனின் கையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். படித்துக் காட்டினாள், கேட்டேன். அழகாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த வரியை நான் எழுதினால், அண்ணி வழிச் சொந்தமான கோப்பெங் தம்பியின் காரைக் கெடுத்தவள் நான்தான் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். சொந்தத்தில் பாதிப் பேர் இன்றைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது அப்படி நடக்கவில்லை. அதைச் சொல்லாமல் அண்ணனைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் பிறந்தது பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், மூன்றாம் டிவிஷன் லயத்தில், வேலைக்காரர்களின் வீட்டு வரிசையில். அம்மா பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டியவர். அப்பா புல் வெட்டுவது, மருந்தடிப்பது என்று வெளிக்காட்டு வேலை செய்தவர். முகம் எனக்கு நினைவில் பதியும் முன்பே அப்பா தவறிவிட்டார். அண்ணன் பள்ளியை நிறுத்திவிட்டு ரப்பர் பால் ஏற்றும் லோரிக்குக் கையாளாகப் போனார். அவர் நின்றதால்தான் நான் படித்தேன். மழைக்காலத்தில் செம்மண் ரோடு சேறாகிவிடும். என் வெள்ளைச் சட்டை அழுக்காகக் கூடாது என்று தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, அங்கிருந்து வேலைக்கு ஓடுவார். பிள்ளைகள் என்னைப் பார்த்து, "ஒங்கண்ணன் லோரியா, மாடா?" என்று கேலி செய்வார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். "லோரின்னு சொல்லு. மாடுன்னா சாணி போடணும்லா" என்றார் அண்ணன். அழுகை நின்றுவிட்டது. அவர் அப்படித்தான். பெரிய ஆறுதல் எல்லாம் சொல்லமாட்டார். சிரிக்க வைத்துவிடுவார்.

லோரி ஓடாமல் நின்றபோதெல்லாம் அடியில் படுத்துப் படுத்தே வேலை கற்றுக்கொண்டார். பிறகு ஈப்போவில் ஒரு சீன முதலாளியின், தவுக்கே என்போம், பட்டறையில் சேர்ந்து, அங்கேயே எல்லாருக்கும் மேலே போர்மன் ஆனார். கல்யாணமும் புந்தோங்கில் வீடும் அதற்குப் பிறகுதான். நான் கோப்பெங் பக்கத்துத் தோட்டத்துக்கு வாக்கப்பட்டுப் போய், அங்கே மரம் வெட்டினேன். எனக்குப் பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரர் தவறிய கொஞ்ச காலத்தில் தோட்டத்தையும் விற்றுவிட்டார்கள். லயத்தைக் காலி பண்ணச் சொல்லி ஆள் வந்தது. எங்கே போவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். அண்ணியிடம்கூடக் கேட்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. "சாமானைத் தூக்கு, போலாம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அண்ணியும் முகம் சுளிக்கவில்லை. அந்தப் புண்ணியவதி எனக்கு முன்னே போய்விட்டார்.

இதையெல்லாம் நான் எதற்கு முதலில் எழுதுகிறேன் என்றால், அண்ணன் எனக்குச் செய்தது எனக்கு மறக்கவில்லை என்பதற்காக. இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு, உண்ட வீட்டை மறந்தவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

தவுக்கே பட்டறையை மூடிய பிறகு, அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டார். தெரிந்தவர்களின் கார் மட்டும்தான் பார்ப்பார், அதுவும் பழைய கார். பழைய காரில் முன் சக்கரத்து வேலை ஒன்று உண்டு. புதுக் காரில் அது கிடையாது, கெட்டுப்போனால் மொத்தமாகக் கழற்றி மாற்றிவிடுகிறார்கள். பழைய காரில் சக்கரத்தின் நடுவில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் தட்டி எடுத்தால் உள்ளே கிரீஸ். கிரீஸைத் துடைத்தால் ஒரு நட்டு. அந்த நட்டு கழன்றுவிடாமல் இருக்க, கொண்டை ஊசி மாதிரி இரண்டு கால் உள்ள ஒரு கம்பியை அச்சில் இருக்கும் ஓட்டைக்குள் விட்டு, காலை மடக்கிவைத்திருப்பார்கள். அதுதான் பின். பின்னை உருவி, நட்டைக் கழற்றி, பேரிங்கை எடுத்துக் கழுவி, புது கிரீஸ் அடைத்துத் திரும்பப் போட வேண்டும்.

போடுவதில்தான் சூட்சுமம். நட்டை இறுக்கும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றுவது கனக்கிற வரைக்கும் இறுக்கி, பிறகு தளர்த்தி, அப்புறம் ஸ்பேனரை வைத்துவிட்டு வெறும் விரலால் திருகி நிறுத்த வேண்டும். லூசாக விட்டால் சக்கரம் ஆடும். இறுக்கிவிட்டால் பேரிங் சூடேறி எரிந்துபோகும். பின்னுக்கான ஓட்டை நட்டின் வாயோடு நேராக வராவிட்டால், நட்டைப் பின்பக்கம் விட்டுத்தான் நேராக்க வேண்டும். முன்பக்கம் இழுத்து இறுக்கவே கூடாது. அண்ணி போன பிறகு எனக்குப் பகலில் பேச்சுத்துணை இல்லாமல் போனதால், அண்ணனுக்குச் சக்கரம் சுற்றிக் கொடுக்க உட்காருவேன். இதெல்லாம் சுற்றச் சுற்ற என் கைக்குப் பழகிவிட்டது.

தவுக்கேயின் பட்டறையில் ஒரு சட்டம் இருந்ததாம். யார் இறுக்கினாலும் சரி, பின் போட்டவன்தான் அந்தச் சக்கரத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். போடும் முன் அவன் ஒரு தரம் சுற்றிப் பார்த்துச் சரியென்று தெரிந்த பிறகுதான் போட வேண்டும். அண்ணன் கொட்டகையிலும் அந்தச் சட்டம்தான்.

பிறகு அண்ணனுக்குக் கை நடுக்கம் வந்தது. முதலில் காப்பிக் கோப்பை ஆடியது. அப்புறம் பின்னை ஓட்டைக்குள் விட முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள், குறையவில்லை. ஒரு நாள் பின்னை மூன்றாவது தடவை கீழே போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் ஸ்பேனரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "நீ பண்ணு. நான் பாத்துக்குறேன்" என்றார். மரம் வெட்டிய கை என்னுடையது. பலமும் உண்டு, நிதானமும் உண்டு. நான் பண்ணினேன். அவர் சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். பிறகு தொட்டியில் இருந்து ஒரு விரல் கிரீஸை எடுத்து இரண்டு கையிலும் தேய்த்துக்கொண்டு, கார்க்காரரைப் பார்க்க முன்பக்கம் போனார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்காத. கை சுத்தமா இருந்தா எவன் நம்புவான்?" என்றார்.

அன்று தொடங்கி அப்படியே நடந்தது. கார்க்காரர்களை முன் ஹாலில் உட்கார வைத்துவிடுவோம். மருமகள் பக்கத்துக் குடியிருப்பில், தாமானில்தான் இருக்கிறாள். அவள் வந்திருந்தால் தேத்தண்ணி கொடுப்பாள். நான் உள்ளே வேலையை முடிப்பேன். அண்ணன் கிரீஸ் பூசிக்கொண்டு வெளியே போவார். "ஒரு நாளைக்கு எல்லாருகிட்டயும் சொல்றேன் தங்கச்சி. இப்ப வேணாம்" என்று அவ்வப்போது சொல்வார். சொல்லவில்லையே என்று எனக்குக் குறை இல்லை. நாலு பேர் பார்க்க வேலை செய்ய நான் கூச்சப்படுவேன். கார் வாசலைத் தாண்டிப் போகும்போது சக்கரம் ஆடாமல் உருளுவதைச் சமையலறை ஜன்னலில் நின்று பார்ப்பேன். அது எனக்குப் போதும். இந்த மலரில் கடைசிக் காலத்து வேலையைப் புகழ்ந்து எழுதியிருப்பவர்களின் காரும் அதில் உண்டு. யார் யார் என்று நான் சொல்லப்போவதில்லை.

கோப்பெங் தம்பி என்று நான் சொல்வது அண்ணியின் கடைசித் தம்பியை. மறுநாள் பீடோரில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும், முன் சக்கரம் ஆடுகிறது என்று தன் பழைய காரைக் கொண்டுவந்தார். சொந்தக்காரர் என்பதால் ஹாலில் உட்காரவில்லை. முக்காலியை இழுத்துக் கொட்டகையிலேயே போட்டுக்கொண்டார். "மச்சான், ஒங்க கை வேலைய இன்னிக்கு நேர்ல பாக்கணும்" என்றார். அண்ணன் தானே ஸ்பேனரை எடுத்தார். நான் சுற்றுகிற இடத்தில் உட்கார்ந்தேன்.

இடது பக்கம் நல்லபடியாக முடிந்தது. முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்துக்கொண்டு அண்ணன் நிதானமாகவே செய்தார். பின்னை மட்டும் நான் போட்டேன். தம்பி அப்போது கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. வலது பக்கம் ஆரம்பித்தபோது அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார். அண்ணன் இறுக்கினார், தளர்த்தினார், விரலால் திருகினார். ஓட்டை நேராக வரவில்லை. அவர் ஸ்பேனரைத் திரும்ப எடுத்து முன்பக்கம் இழுத்தார். சக்கரம் என் கையில் கனத்தது.

"அண்ணே, பின்னால விடுங்க. இறுகுது" என்றேன்.

வாசலில் தம்பி பேச்சை முடிக்கிற சத்தம் கேட்டது. "அவன் வந்துருவான். சுத்துறதுதான் ஒன் வேலை, சுத்து" என்றார். இன்னும் ஒரு இழுப்பு இழுத்தார். ஓட்டை நேரானது. பின்னை எடுத்தார். கை ஆடியது, பின் கிரீஸ் தொட்டியில் விழுந்தது. "போடு" என்றார் என்னிடம்.

"வேணாம்ணே, ஒரு தரம் விட்டுட்டுப் போடுவோம்."

"போடுன்னு சொன்னேன்."

அண்ணன் சொல்லி நான் மாட்டேன் என்றது என் ஆயுசில் இல்லை. போட்டேன். குறட்டால் காலை மடக்கிக்கொண்டிருந்தபோது தம்பி வந்து நின்றார். "என்ன மச்சான், அக்காதான் இங்க போர்மனா?" என்று சிரித்தார். "கண்ணு சரியா தெரியல. பின்னு மட்டும் அவ போடுவா" என்றார் அண்ணன். சக்கரத்தைச் சுற்றினார். வழக்கமாக அது கொஞ்ச நேரம் தானாக ஓடித்தான் ஓயும், அன்று கையை எடுத்ததும் நின்றது. "புது கிரீஸ்லா, ஓட ஓட இளகிரும்" என்றார். மருமகள் தேத்தண்ணித் தட்டோடு பின்வாசல் படியில் நின்றுகொண்டிருந்தாள். தம்பி போனுக்கு எழுந்து போனதிலிருந்தே அவள் அங்கேதான் நின்றாள். கோப்பைகளை முக்காலியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் கல்யாணம் முடிந்து திரும்பும் வழியில் அந்தச் சக்கரம் புகைந்து இறுகிக்கொண்டது. கார் திரும்பி ரோட்டோரத்து லோங்காங் சாக்கடையில் இறங்கிவிட்டது. தெய்வம் காப்பாற்றியது, உயிருக்கு ஒன்றுமில்லை. தம்பியின் மனைவிக்கு மணிக்கட்டு முறிந்தது. காரை இழுத்துப்போன பட்டறையில், நட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள், பேரிங் வெந்துபோயிருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அடுத்த நாள் சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்தார். கூட இன்னும் இரண்டு சொந்தக்காரர்கள். மருமகளும் இருந்தாள். அண்ணன் சாய்வு நாற்காலியில் இருந்தார். தம்பி உட்காரவே இல்லை.

"என் பொண்டாட்டி கைய ஒடிச்சிட்டு வந்து நிக்கிறேன் மச்சான். யாரு அத இறுக்குனது?"

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான் விட்டு வச்சது சரியாத்தான் இருந்துச்சு. பின்னு போட்டது அவ. ஓட்டை ஒத்து வரலன்னு இன்னும் கொஞ்சம் இழுத்திருப்பா. பின்னு போட்டவங்கதானே பதில் சொல்லணும்."

"நான்தான் பாத்தேனே. கொறடு அக்கா கையில இருந்துச்சு" என்றார் தம்பி. பிறகு என் பக்கம் திரும்பினார். "பொம்பளய நம்பி கார உள்ள விட்டேன் பாருங்க, அது என் தப்புலா."

நான் அண்ணனைப் பார்த்தேன். மருமகளைப் பார்த்தேன். மருமகள் தரையைப் பார்த்தாள். தம்பிக்குத் தேத்தண்ணி போட அடுப்படிக்குப் போனேன். கொண்டுவந்தபோது அவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

அந்தப் பேச்சு சொந்தம் முழுக்கப் போய்விட்டது. வருகிற கார்களும் நின்றுபோயின. கோயில் திருவிழாவில் உறவுக்காரப் பையன் ஒருவன், "அத்தை, என் மோட்டர் பக்கம் வந்துறாதீங்க, டயரு கழண்டுறப்போகுது" என்றான். பந்தியில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் அங்கே இருந்தார். அவரும் சிரித்தார். கார் போனதும் பேர் போனதும்கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் உள்ளே தங்கிவிட்டது.

ஒரே ஒரு தடவை கேட்டேன். சோறு போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன்ணே அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

சோற்றைப் பிசைந்தார். பிறகு சொன்னார்: "எனக்குன்னு இருந்தது இந்தக் கைப் பேரு ஒண்ணுதான். ஒனக்கு அப்படி ஒரு பேரு இல்லையே தங்கச்சி. இல்லாதது போனா என்ன?"

திட்டினாலும் தாங்கியிருப்பேன். அவர் அதை ரொம்ப நியாயமான பேச்சு போலச் சொன்னார். எனக்கு வலிக்கும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. எனக்குப் பேர் இல்லாமல் இருந்தது அவர் பேருக்காகத்தானே? கிரீஸை அவர் பூசிக்கொண்டு வெளியே போனார், நான் உள்ளேயே இருந்தேன். அதை அவர் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அண்ணன் படுத்துவிட்டார். குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து, எல்லாம் நான் செய்தேன். மனதில் கசப்போடுதான் செய்தேன். ஆனால் கையில் அதைக் காட்டவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில் கோப்பெங் தம்பி பார்க்க வந்தார். மனைவியையும் கூட்டி வந்திருந்தார். அந்த அம்மாவின் மணிக்கட்டு இன்னும் சரியாக மடங்கவில்லை. அண்ணன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பியைக் கிட்டே வரச் சொல்லிக் கையைக் காட்டினார். இப்போது சொல்லிவிடுவார் என்று நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தம்பி குனிந்தார்.

"ரோட்டுல பாத்துப் போ மச்சான்" என்றார் அண்ணன்.

அதுதான் அவர் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு.

அண்ணன் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. அவர் இல்லாவிட்டால் எனக்கு எழுத்தும் இல்லை, வீடும் இல்லை. அவர் கை நல்ல கை. அது நின்றுபோன பிறகு என் கையைத் தன் கை என்று சொன்னார். அதையும் நான் கொடுத்ததாகவே வைத்துக்கொள்கிறேன். மலரில் வந்திருக்கும் புகழில் எனக்குப் பங்கு வேண்டாம். வலது பக்கச் சக்கரத்தின் பழியை மட்டும் என்னால் சுமக்க முடியாது. பின் நான் போட்டேன். நட்டை நான் இறுக்கவில்லை.

இனி நன்றி சொல்ல வேண்டும். அண்ணன் படுக்கையில் இருந்தபோது காலையில் பூபோர் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மாக்சிக்குக்கு நன்றி. தவுக்கே இல்லாவிட்டாலும் மாலையோடு வந்து கடைசிவரை நின்ற அவர் மகனுக்கு நன்றி. கொட்டடித்தவர்களுக்கும், பந்தல் போட்ட கோயில் பிள்ளைகளுக்கும், கருமாதி வரை சமைத்துக் கொடுத்த பெண்களுக்கும் நன்றி. மனத்தாங்கல் இருந்தும் வந்து பாடைக்குத் தோள் கொடுத்த கோப்பெங் தம்பிக்குத் தனியாக நன்றி. தம்பி, உங்கள் மனைவியின் கைக்காக நான் தினமும் சாமி கும்பிடுகிறேன். செய்த குற்றத்துக்காக இல்லை, வலி வலிதானே என்பதற்காக.

கடைசியாக ஒன்று, மருமகளே. அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை நீ ஒரு தடவை சரிபார்த்துவிடு. டிவிஷன் மூன்றா, இரண்டா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அப்பா தவறியபோது அண்ணனுக்கு என்ன வயது என்பதும் தெரியவில்லை, அடையாளக் கார்டைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொள். எழுத்துப் பிழைகளைத் திருத்து. அன்றைக்கு வலது பக்கம் ஸ்பேனர் யார் கையில் இருந்தது, நான் என்ன சொன்னேன், அவர் என்ன சொன்னார் என்பதையும் சரிபார். படியில் நின்றவள் நீ ஒருத்திதான். நான் எழுதியதில் ஒரு சொல் தப்பு இருந்தாலும் அந்தப் பகுதியை எடுத்துவிடு, நான் கேட்கமாட்டேன். தப்பு இல்லையென்றால் எடுக்காதே அம்மா.